‘மருந்தில்லாமல், தமிழிலேயே’ என்று வரும் மனநல விளம்பரம்: பாலக்காட்டு எல்லையோரத்தார் கவனத்துக்கு

கைக்குழந்தையோடு ஒரு பெண் அழுகிறாள். அடுத்த நொடியில் புன்னகைக்கிறாள். "மருந்தில்லாமல் மனம் தெளியும், தமிழிலேயே பேசலாம்" என்கிறது ஒரு குரல். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்களின் கைபேசிக்கு இந்த விளம்பரம் அடிக்கடி வருகிறது. என் தங்கை இந்த ஆலோசனைக்கு 24,000 ரூபாய் கட்டினாள்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று; காரணமில்லாத பயம், அழுகை. பாலக்காட்டில் மனநல மருத்துவர் பார்த்து செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டும் வந்தாள். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் மலையாளத்தில் காய்கறி வாங்குவார்கள், ரேஷன் கடையில் சண்டைகூடப் போடுவார்கள். பெற்ற பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்பதை மலையாளத்தில் சொல்ல வராது. மருத்துவருக்கோ வெளியே நீண்ட வரிசை. இந்த ஏக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் அந்த விளம்பரத்தை எழுதியிருக்கிறார்கள்.

முதலில் இலவசமாகப் பத்துக் கேள்விகள். முடித்ததும் சிவப்பு எழுத்தில் ‘உடனடிக் கவனம் தேவை’. பிற்பாடு நானே அதில் நுழைந்து, நன்றாகத் தூங்குகிறேன், சந்தோஷமாக இருக்கிறேன் என்று பதில் போட்டுப் பார்த்தேன். எனக்கும் உடனடிக் கவனம் தேவையாம்! பிரசவித்த பெண்களிடம் மருத்துவமனைகளில் கேட்கும் எடின்பரோ அளவுகோல் என்ற ஒன்று 1987 முதல் இருக்கிறது. அதிலும் பத்துக் கேள்விகள்தான். ஆனால் அதன் மதிப்பெண்ணை வைத்து நோய் இன்னதென்று முடிவு கட்டுவதில்லை. மருத்துவர் மேற்கொண்டு விசாரிக்க வேண்டுமா என்பதற்குத்தான் அது.

பணம் கட்டியதும் பேசியவர் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருந்தது. எதில் டாக்டர் என்று கடைசி வரை தெரியவில்லை. ‘ஆழ்மனச் சுத்திகரிப்பு’ என்று கண்ணை மூடச் சொல்லி ஒரு ஒலிப்பதிவைப் போட்டுவிடுவார். அதுகூடப் போகட்டும். "மாத்திரை தாய்ப்பாலில் இறங்குகிறது, குழந்தையின் மூளை என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். பச்சைக் குழந்தைக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? அன்றே அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். சில நாளில் தலைசுற்றல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி, எரிச்சல், மறுபடியும் தூக்கமின்மை. "நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றாராம்.

பாலக்காட்டு மருத்துவரிடம் மறுபடியும் அழைத்துப் போனோம். செர்ட்ராலின் தாய்ப்பாலில் கலக்கும் அளவு மிகமிகக் குறைவு. பாலூட்டும் தாய்மாருக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று என்றார். இந்த வகை மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றும் விளக்கினார். அவள் மருந்தை மீண்டும் தொடங்கி, இப்போது பரவாயில்லை.

எனக்குப் பெரிய கோபம் வேறொன்றில். அந்த நிறுவனத்தின் பக்கத்தில் ‘பாலக்காட்டு எல்லையில் ஓர் இளம் தாய்’ என்று வெற்றிக் கதை ஒன்று வந்தது. பெயர் மட்டும்தான் இல்லை. மாமியார் சொன்ன சொல் உட்பட அவள் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் அதில் இருந்தது. எங்கள் ஊர் அளவுக்கு அது போதாதா? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது என்று எழுதினேன். "நாங்கள் மருத்துவ நிறுவனம் இல்லை, நலவாழ்வுப் பயிற்சியாளர்கள், அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று பதில் வந்தது. விற்கும்போது டாக்டர், மாத்திரையை நிறுத்தச் சொல்லும்போதும் டாக்டர், கேள்வி கேட்டால் மட்டும் பயிற்சியாளர். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, தங்கை ‘ஒத்துழைக்கவில்லை’ என்றார்கள்.

இப்படிப்பட்டவரிடம் பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவருக்கு மாநில மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும் பதிவு இருக்கும், இணையத்தில் சரிபார்க்கலாம். ஆலோசகர், பயிற்சியாளர் என்ற பெயர்களை இன்றைக்கு யாரும் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சுகாதாரத் துணைத் தொழில்களை முறைப்படுத்த 2021-இல் ஒரு சட்டம் வந்தும், விளம்பரக்காரர்கள் அதைக் கண்டு பயந்ததாகத் தெரியவில்லை. பதிவு உள்ள உளவியலாளரே ஆனாலும், மருந்தை நிறுத்துவது எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

தமிழில் பேசத்தான் வேண்டுமென்றால் 14416 இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவி அது; இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழும் உண்டு. கேரள அரசின் குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வுக்கென்று ‘ஆஸ்வாசம்’ என்ற பிரிவும் உண்டு. எங்கள் பக்கத்தில் பலருக்கும் இது தெரியவில்லை.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நிறுவனத்தின் முகவரி எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கட்டிய பணம் ஐந்து லட்ச ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் பாலக்காட்டில் போட்டிருக்கிறோம். நோட்டீஸ் போனதும் அந்த வெற்றிக் கதையை எடுத்துவிட்டார்கள், பணம் இன்னும் வரவில்லை. ரசீது, உரையாடல், குரல் பதிவு எல்லாவற்றையும் இன்றே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட மறுநாளே தங்கையை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.