ஏ5 நோட்டீஸ் ஸ்டாண்டு: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

சைக்கிள் பழுதுபார்க்கும் கடை திறக்கப்போகும் நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டார். நான் பல இடங்களில் வைத்திருக்கும் அக்ரிலிக் நோட்டீஸ் ஸ்டாண்டு நல்லதா? அதை எங்கே வைத்தால் ஆள் வருவார்கள்? அவர் கேட்ட அதே வாரத்தில்தான் இன்னொரு ஸ்டாண்டு விரிசல் விட்டு என்னிடம் திரும்பி வந்தது. அந்த எரிச்சலும் இந்தப் பதிலில் கலந்திருக்கும்.

என் தொழில் துணி ஆல்ட்ரேஷன். பேன்ட் காலை மடித்து அடிப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. ஸ்டாண்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: ஒரே தகட்டைச் சூடாக்கி வளைத்தது, முன்னால் குட்டைத் தடுப்பு, பின்னால் சாய்ந்த முதுகு.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் மனதில் நிற்கிறது. தாள் கவிழ்கிறது. கட்டு நிறைய இருக்கும்வரை நிமிர்ந்து நிற்கும். பாதி போனதும் மீதித் தாள்கள் இடுப்பு ஒடிந்து முன்பக்கம் சரிந்துவிடும். தலைப்பு மேஜையைப் பார்க்கும், வருகிறவர் கண்ணில் வெற்றுப் பின்பக்கம் படும். ஏ5 தாளின் உயரம் 210 மில்லிமீட்டர். ஸ்டாண்டின் முதுகு அதைவிட நன்றாகவே குட்டை. இந்த அளவுத் தாளுக்கென்றே விற்கிற பொருளில் இதைக்கூடவா பார்க்கமாட்டார்கள்!

தடிமனான தாளுக்கு மாறினேன். ஏ5 என்பது ஒரு சதுர மீட்டரில் 32இல் ஒரு பங்கு. அதனால் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று 2.5 கிராம், 170 ஜிஎஸ்எம் தாள் 5 கிராமுக்குச் சற்று மேல். கொஞ்சம் விறைப்பு வந்தது, ஆனாலும் ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் அதுவும் தலை சாய்த்தது. அப்புறம் அச்சகத்தில் வெட்டும் வேலை பார்க்கிற ஒரு பெரியவர் தாளைக் கையில் வாங்கி, இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை லேசாக வளைத்துப் பார்த்து, "இழை குறுக்கே ஓடுது, எப்படி நிக்கும்?" என்றார்.

தாள் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன, அந்தத் திசையைத்தான் இழை என்றார். நார் ஓடும் திசையில் தாள் விறைப்பாக இருக்கும், குறுக்குத் திசையில் எளிதாக வளையும். நிறுத்திவைக்கும் தாளில் இழை மேலிருந்து கீழாக ஓட வேண்டும். இங்கேதான் எனக்கு வியப்பு. கடைகளில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும். அதைப் பாதியாக வெட்டினால் கிடைக்கும் ஏ5இல் இழை குறுக்காகிவிடும், நிறுத்தினால் கவிழும். மூன்றாக வெட்டும் ஒடுக்கமான நோட்டீஸுக்கும் இதே கதி. நான்காக வெட்டினால் கிடைக்கும் ஏ6இல் இழை மறுபடி நேராகிவிடுகிறது, அது நிற்கும். சோதிக்க வேண்டுமானால் தாளை இரு திசையிலும் கிழித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நேர்க்கோடாகக் கிழிகிறதோ அதுதான் இழையின் திசை. இப்போதெல்லாம் பெரிய தாளிலிருந்து இழை நேராக வரும்படி வெட்டித் தரச் சொல்கிறேன். கவிழ்வது வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆக, ஸ்டாண்டின் மேல் நான் கொண்ட கோபத்தில் பாதி தாளுக்குச் சேர வேண்டியது. நியாயத்துக்கு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மீதிப் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதுகு இன்னும் இரண்டு விரல் உயரமாக இருந்திருந்தால் எந்தத் தாளும் நின்றிருக்கும்.

விரிசல் வேறு விஷயம். ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த திரவத்தால் அடிக்கடி துடைத்தால் அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். வளைத்த இடத்தில் ஏற்கெனவே இழுவிசை இருப்பதால் அங்கேதான் முதலில் விழும். வரவேற்பு மேஜை என்றாலே கிருமிநாசினி போட்டுத் துடைக்கிற இடம். மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும் என்று நான் சொல்லி வைக்கலாம், ஆனால் துடைக்கிறவர் என் ஸ்டாண்டுக்கென்று தனித் துணி வைத்துக்கொள்ள முடியுமா? அவர்மேல் குற்றமில்லை. செய்தவர்கள் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கலாம்.

சரி, இடத்துக்கு வருகிறேன். நண்பருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்.

கூட்டம் இருக்கும் இடத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கூட்டத்தில் நடப்பவரின் கையில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, கால் ஓடிக்கொண்டிருக்கிறது. நீட்டும் நோட்டீஸை மரியாதைக்கு வாங்கி, பத்தடி தள்ளி விட்டுவிடுவார். நிறுத்தியிருக்கும் காரின் வைப்பருக்கு அடியில் செருகுவது இன்னும் மோசம். மழையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட தாளைச் சுரண்டி எடுக்கிறவர் அந்தக் கடைப் பெயரை நல்லவிதமாகவா நினைவில் வைத்துக்கொள்வார்? வீட்டுத் தபால்பெட்டியில் போடும் முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தபால்கட்டணம் செலுத்தாத விளம்பரத்தை அதற்குள் போடுவதே குற்றம்.

நான் பார்ப்பது இரண்டு விஷயம்: அங்கே வருகிறவர் கை சும்மா இருக்க, சற்று நேரம் காத்திருக்கிறாரா? என்னிடம் வரவேண்டிய தேவை அவருக்கு அந்த இடத்திலேயே பிறக்கிறதா? சலவைக்கடையில் இரண்டும் உண்டு. துணியை எண்ணி ஒப்படைக்கும் நேரத்தில்தான் அவிழ்ந்த மடிப்பும் போன ஜிப்பும் கண்ணில் படும். ரெடிமேட் கடையின் உடைமாற்றும் அறை வாசல் அதைவிடப் பொருத்தம், ஆனால் பல கடைகள் ஆல்ட்ரேஷனைத் தாங்களே செய்வதால் இடம் தரமாட்டார்கள்.

நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி உடற்பயிற்சிக் கூடம். வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் என் ஸ்டாண்டு இருக்கிறது. அங்கே தொடர்ந்து வருகிறவர்களுக்கு உடம்பு இளைக்கிறது, துணிகள் தொளதொளவென்று ஆகின்றன. இப்படி வருகிறவர்கள் ஒரு பேன்ட்டோடு வருவதில்லை, அலமாரியையே கட்டிக்கொண்டு வருகிறார்கள். இடுப்பில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அளவெடுக்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பூரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். சிலர் சில மாதம் கழித்து அதே பேன்ட்டோடு மறுபடி வருகிறார்கள்.

எந்த இடத்திலிருந்து வந்தார் என்று எப்படித் தெரியும் என்பீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டீஸின் மூலையில் ஓர் எழுத்து அச்சடிக்கிறேன். கொண்டுவந்தால் பொத்தான் தைப்பது இலவசம். கியூஆர் குறியீடும் போட்டுப் பார்த்தேன். அது ஓரளவு சேதமானாலும் போன் படித்துவிடும். இடத்துக்கொரு இணைப்பு வைத்து எண்ணவும் வசதி. என் வாடிக்கையாளர்கள் அதை ஸ்கேன் செய்வதைவிட நேரே போன் செய்கிறார்கள், அதனால் எனக்கு மூலை எழுத்துதான் உதவியது. அந்த எழுத்து இல்லாவிட்டால் ஏமாந்திருப்பேன். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில்தான் கட்டு வேகமாகக் காலியானது, ஆனால் அந்த எழுத்தோடு ஒருவரும் வந்ததில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர் மனம் வேறெங்கோ இருக்கும், அவர் எடுத்தது பொழுதுபோக்க எடுத்த தாள். அங்கிருந்து ஸ்டாண்டை எடுத்துவிட்டேன். கவலையோடு இருப்பவர் முன் விளம்பரம் வைப்பதும் மனதுக்கு ஒப்பவில்லை.

ஒரே கடைக்குள்ளும் இடம் முக்கியம். கல்லாவுக்கு இந்தப் பக்கம், பணம் கொடுத்துவிட்டு மீதிக்கு நிற்பவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் எடுப்பார்கள். இந்த ஸ்டாண்டு இறகு மாதிரி எடை இல்லாதது, அடுத்த முறை போனால் கல்லாவுக்குப் பின்னால், பேனா டப்பாவோடு கிடக்கும். இருபக்க ஒட்டு டேப் போட அனுமதி கேட்டுக்கொண்டேன். அதைவிடப் பலன் தந்தது கல்லாவில் நிற்பவரோடு நல்ல பழக்கம். முதலாளி அனுமதி தந்தாலும் ஸ்டாண்டு எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்வது கல்லாவில் நிற்பவர்தான். அவருடைய சீருடைக்கு மடிப்பு அடித்துக் கொடுத்தேன். இப்போது அவரே கையால் எடுத்து நீட்டுகிறார்.

இன்னொன்று: முன் தடுப்பு தாளின் கீழ்ப்பகுதியை மறைக்கும். மேல் மூன்றில் ஒரு பங்கில் கடைப் பெயரைப் போடாதீர்கள், என்ன வேலை செய்து தருவீர்கள் என்பதைப் போடுங்கள். "இடுப்பு, கால், ஜிப்" என்று பெரிதாகப் போட்ட பிறகுதான் நின்று பார்க்கிறார்கள்.

அறிவிப்புப் பலகைக்கு ஸ்டாண்டு வேண்டாம். நூலகம், குடியிருப்பு வாசல் போன்ற இடங்களில் அடியில் போன் நம்பர் போட்டு, கிழித்துக்கொள்ளும்படி வெட்டிய தாள் போதும். மூலையில் எடுக்கப்போகும் தேதியை எழுதி, அந்தத் தேதியில் நீங்களே போய் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை தயங்காமல் இடம் தருவார்கள்.

நண்பரின் தொழிலுக்கு நான் சொன்னது காற்றடிக்கும் இடம். ஒரே சைக்கிளுக்கு மறுபடி மறுபடி காற்றடிக்க வருகிறவருக்குப் பஞ்சர் இருக்கிறது, அல்லது வால்வு போயிருக்கிறது. பம்ப் பக்கத்தில் நின்று குனிந்திருப்பவரின் கண் உயரத்துக்கு ஒட்ட வேண்டும். அடுத்தது, சைக்கிள் நிறுத்துமிடம் உள்ள குடியிருப்புகளின் பலகை.

ஸ்டாண்டுக்கு வருவோம். அது எனக்கு ஆள் கொண்டுவந்தது, மறுக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரும் அதிலிருந்து எடுத்த தாளோடுதான் வருகிறார்கள். கவிழ்வதற்கும் பாதி மருந்து கிடைத்துவிட்டது. இருந்தாலும் நண்பரிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஏ6 அளவில், முதுகு தாளின் முழு உயரத்துக்கு வரும்படி, அடி கனமான உலோக ஸ்டாண்டாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். என்னிடம் விரிசல் விடாமல் இருக்கும் ஸ்டாண்டுகளைக் கேட்டார். தரமாட்டேன் என்றுவிட்டேன், உடற்பயிற்சிக் கூடத்தின் இன்னொரு கிளையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.