பத்தியமா, பெல்ட்டா, ஜிம்மா: பிள்ளை பெற்ற உடம்பு எதில் இறங்கும்?

ஆஸ்பத்திரியில் இருந்து குழந்தையோடு வீட்டுக்கு வந்தபோது என் எடை 65 கிலோ. பிள்ளை, நச்சுக்கொடி, பன்னீர்க்குடத் தண்ணீர் என்று ஐந்தாறு கிலோ பிரசவத்தோடேயே போய்விடும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். மூன்றாம் மாதம் கிளினிக் தராசில் ஏறினால் 69. குறைய வேண்டியது கூடியிருந்தது. சரி, எங்கே பிழைத்தது என்று அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் முதலில் பழி போடுவது பத்தியத்தின் மேல். அது முழுக்க நியாயமில்லை. சரக்குக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள்: மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்துக் கூட்டி மீனைப் போட்டுக் காய்ச்சுவது, தேங்காய்ப்பால் கிடையாது. பால்சுறா வறை, முருங்கையிலை எல்லாம் புரதமும் சத்தும். இதைச் சாப்பிட்டு யாரும் ஊதவில்லை. அதோடு பிள்ளை பெற்ற 31 நாள் துடக்கு, அதாவது தீட்டு, கழியும்வரை அடுப்படிப் பக்கம் போகாமல் படுத்திருக்க வேறு எந்த வைத்தியம் விடும்?

வில்லன் நல்லெண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. அம்மா முட்டை பொரிக்கும்போது சட்டியில் முட்டை மிதக்கும், நாலு கரண்டிக்குக் குறையாது. மிச்ச எண்ணெயையும் வழித்துக் கோப்பைக்குள் ஊற்றி, "குடி பிள்ளை, நாரிக்கு உறுதி" என்பார், நாரி என்றால் இடுப்பு. நாலு கரண்டி எண்ணெய், இரண்டு முட்டை, கூட்டிப் பார்த்தால் 600ஐத் தாண்டுகிறது. முழுநேரம் தாய்ப்பால் கொடுப்பவருக்கு நாளுக்கு மேலதிகமாகத் தேவைப்படுவதே 400 தொடக்கம் 500 கலோரிதான். அது காலைச் சாப்பாட்டுக்கு முன்னமே முடிந்துவிட்டது. பிறகு புட்டு, பத்து மணிக்கு உளுத்தங்களி, பின்னேரம் சீனி தூக்கலாகப் பால்தேத்தண்ணி. 31 நாளைக்கு என்றால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் அது 90 நாள் ஓடியது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் நிறுத்த மனமில்லை.

வயிறு கட்டும் விஷயத்தில் அம்மம்மாவின் பழைய சேலைக்கும் கடையில் வாங்கும் பெல்ட்டுக்கும் வேலை ஒன்றுதான். நாரியைத் தாங்கும், சிசேரியன் ஆனவர்களுக்கு எழும்பி இருக்க உதவும். கொழுப்பைக் கரைக்காது. கருப்பை சுருங்க ஏறக்குறைய ஆறு கிழமை எடுக்கும், கட்டினாலும் கட்டாவிட்டாலும். நான் பெல்ட்தான் வாங்கினேன். வைகாசி வெக்கையில் இரண்டு கிழமை போட்டதில் இடுப்பைச் சுற்றி வேர்க்குருதான் மிச்சம். சேலைதான் திறம், குறைந்தது காற்றாவது போகும்.

மெலியும் தேயிலை, மாத்திரை பக்கம் பால் கொடுக்கும்போது போகவே வேண்டாம். அந்தத் தேயிலை பலவற்றில் இருப்பது நிலவாகை. வயிற்றாலை போகும், தராசு இறங்கும், போனது தண்ணீர்.

ஜிம் நல்லதுதான், ஆனால் ஆறு கிழமைப் பரிசோதனை முடிந்து மருத்துவர் சரி சொன்ன பிறகு. போனவுடன் வயிறு குறைய என்று படுத்தெழும்பும் பயிற்சியைத் தருவார்கள். அதற்கு முதல் ஒன்று செய்யுங்கள்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைக் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேல் விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக விலகியிருந்தால் தசை இன்னும் சேரவில்லை. அந்த நேரத்தில் வயிற்றை முறுக்கினால் கேடு. பிசியோதெரபி செய்பவரிடம் காட்டிவிட்டுப் போகலாம். எனக்கு ஜிம் சரிவராததற்குக் காரணம் வேறு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால் கொடுக்கிறவளுக்கு நேரம் குறித்துப் போவது நடக்காது.

நடைக்கு அந்தக் கரைச்சல் இல்லை. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் அரை மணித்தியாலம். "பச்சை உடம்போட கடற்காத்து பிடிக்கப் போறியோ" என்று மாமி ஒரு கிழமை முறைத்தார், பிறகு தானும் கூட வந்தார். ஆனால் ஏமாற வேண்டாம்: அரை மணித்தியால நடையில் எரிவது பெரும்பாலும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் அளவுதான். நாலு கரண்டி குடித்துவிட்டு நடப்பதென்றால் கடல் தாண்டி வேலணைத் தீவு வரைக்கும் போய்வர வேண்டும்.

அதனால் நான் பிடித்தது கலவை வழி. சரக்குக் கறியும் முருங்கையிலையும் அப்படியே, எண்ணெய் நாளுக்கு ஒரு கரண்டி, அரிசிமாப் புட்டுக்குப் பதில் அளவாகக் குரக்கன் (கேழ்வரகு) புட்டு, பின்னேரம் நடை. கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்கப் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் 69இல் இருந்து 62. கலியாணத்துக்கு முந்திய 58 இன்னும் வரவில்லை. கர்ப்பத்தில் சீனி வருத்தம் இருந்தவர்கள் மட்டும் எடைக்கு முன்னால் இரத்தச் சீனியைத் திரும்பப் பார்க்க வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 கிழமைக்குள்.

அம்மா இப்போது எண்ணெயை அளந்துதான் ஊற்றுகிறார். கரண்டி மட்டும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிசு.