60 வாட் சால்டரிங் அயர்ன்: சூடு சரி, ஒயர்தான் சனியன்

ஈயத்தை உருக்கி ஒயரைப் பற்றவைக்க நான் வைத்திருக்கும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்த 60 வாட் சால்டரிங் அயர்ன் விலை இறங்கியிருக்கிறதாம். "சார், உங்க பத்மினி காருக்கு அதைத்தானே வெச்சிருக்கீங்க, வாங்கலாமா?" என்று அலுவலக நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

பிராண்டு வேண்டாம். ஒரே பொருளைப் பல பெயர்களில் விற்கிறார்கள். கைப்பிடியில் சின்ன டயல், 200 முதல் 450 டிகிரி வரை, 900-எம் வகை முனை. படம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். பிரீமியர் பத்மினி மாதிரி வயதான வண்டியில் ஒயரை உரித்தால் உள்ளே செம்பு பளபளக்காது, கறுத்துக் கிடக்கும். ஈயம் அதில் ஒட்டாமல் உருண்டு விழும். பிளேடால் சுரண்டி, ஈயம் ஒட்ட உதவும் ரோசின் ஃப்ளக்ஸ் தடவித்தான் சூடு காட்ட வேண்டும். (பைப் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட்டை வண்டி ஒயரிங்கில் வைக்காதீர்கள், செம்பை அரித்துவிடும்.) ஹெட்லைட்டுக்குப் போகும் தடித்த ஒயரில் பழைய 25 வாட் அயர்னை வைத்தால் செம்பு சூட்டை இழுத்துக்கொண்டே போகும். ஈயம் இளகுவதற்குள் இன்சுலேஷன் சுருங்கிப் பின்வாங்கிவிடும். இந்த அயர்ன் அங்கே அசத்துகிறது. 60/40 ஈயம் (வெள்ளீயம் 60, காரீயம் 40) 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். ஆனாலும் டயலை 350-ல் வைத்து, சட்டென்று தொட்டு, சட்டென்று எடுத்துவிடுவேன். ஒயரின் உறை தப்பிக்கிறது.

ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டது இந்த அயர்னால்தான். 12 வோல்ட்டில் 55 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஓடும். அத்தனையும் பழைய சுவிட்ச் வழியாகவே போனால் வழியிலேயே வோல்டேஜ் தேய்ந்து, வெளிச்சம் மஞ்சளாக அழும். இப்போது சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டி எழுப்புகிறது, சுடுவதே இல்லை. பற்றவைத்த எந்த இடமும் இதுவரை விட்டுப்போகவில்லை. அதில் பாதிப் பெருமை ஸ்லீவுக்கு. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துப்போன இடத்தை ஒட்டித்தான் அதிர்வில் ஒயர் முறியும். மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பக்கத்திலேயே ஒரு கிளிப்பில் கட்டிவிட வேண்டும். பேட்டரி கேபிளுக்கு மட்டும் சால்டரிங் வேண்டாம், முனையை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப்தான்.

முனையும் நன்றாக உழைக்கிறது. தேய்ந்தாலும் கவலையில்லை, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் அதே வகை முனை மலிவாகக் கிடைக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒயர். அயர்னோடு வரும் அந்தக் கறுப்பு பிவிசி ஒயர், பெட்டியில் மடித்த மடிப்பை இன்றுவரை விடவில்லை. சரிந்து படுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்திருக்கிறீர்கள். ஒரு கையில் ஈயம், ஒரு கையில் அயர்ன், வாயில் டார்ச். சரியான இடத்தில் முனையை வைத்ததும் அந்த ஒயர் முறுக்கிக்கொண்டு அயர்னை வேறு பக்கம் திருப்பும். ஸ்டாண்டில் வைத்தால் ஸ்டாண்டோடு கவிழ்க்கும். வெயிலில் காயவைத்தேன், பாரம் கட்டித் தொங்கவிட்டேன், நிமிரவில்லை. சூடான முனை பட்டால் மட்டும் உடனே இளகிவிடும்! நுனியில் இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. 60 வாட் சூட்டை இவ்வளவு நேர்த்தியாக அடக்கத் தெரிந்தவருக்கு ஒரு மீட்டர் சிலிக்கான் ஒயர் போட மனம் வரவில்லை.

இதன் உச்சம் வண்டியின் பெயின்ட் வேலையின்போது நடந்தது. வீட்டு வாசலில் அடிப்பதால் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. வெளிக்காற்று தனியாக வரும் முகமூடி இல்லாமல் தொடக் கூடாத சமாச்சாரம், அக்கம்பக்கத்தில் குழந்தைகள் வேறு. எனவே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். தின்னர் பறந்ததும் காய்ந்துவிடும், மேல் கோட் அடிக் கோட்டைக் கொஞ்சம் கரைத்துப் பிடித்துக்கொள்ளும், ஒரு திட்டு கெட்டால் அதை மட்டும் திருத்தலாம். ஆனால் சென்னைப் புழுக்கம் அதற்கு எதிரி. தின்னர் பறக்கும் வேகத்தில் தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, என் வண்டியின் கரும்பச்சை வெளுத்துப் பூத்துவிடும். மெதுவாகக் காயும் தின்னர் கலந்து, கம்ப்ரெஸர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு அடித்தால் ஓரளவு தப்பலாம்.

அப்படிப் பட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, கோட் மேல் கோட்டாக வந்த பின் மட்கார்டில் இண்டிகேட்டர் எர்த் விட்டுப்போயிருந்தது. சின்ன வேலை. அயர்னை எடுத்துப் போனேன். ஒயர் தன் பழைய மடிப்புக்குத் திரும்பி, இன்னும் இறுகாத பெயின்ட்டின் மேல் ஒரு கோடு இழுத்தது. 1500 வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், எதற்கும் அது முழுதாக மசியவில்லை. பெயின்டர்கள் கன் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அடிப்பார்கள். அந்த ஹோஸாவது சொன்ன பேச்சு கேட்கும்.

ஒயரை மாற்றினால் ஆயிற்று என்பீர்கள். மாற்றிவிட்டேன். கைப்பிடியைப் பிரித்து, உள்ளே மூன்று கம்பி ஓடும் சிலிக்கான் ஒயர் கோத்து, எர்த்தை உள்ளே உலோகக் குழாயில் பிடித்து, மூன்று பின் பிளக் போட்டாயிற்று. அயர்ன் இப்போது கையில் இருப்பதே தெரியவில்லை. இதை விட்டு வேறு அயர்னைத் தொடும் எண்ணமும் இல்லை.

வாங்கலாமா என்றால், வேண்டாம். புதிதாக ஒரு சாமான் வாங்கி, முதல் வேலையாக அதையே பிரித்துத் திருத்த வேண்டும் என்றால் அதற்கு எதற்கு விலை? ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். மட்கார்டை இன்று காலையில்தான் துடைத்தேன், அதனால் இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.