தினமும் சார்ஜை 80%-இல் நிறுத்துவதா, 100% வரை ஏற்றுவதா?

மின்சாரக் கார் வாங்கிய முதல் வாரத்திலேயே பலருக்கும் வரும் கேள்வி இது. நிக்கல் கலந்த என்எம்சி பேட்டரி என்றால் என் பதில் தெளிவு: தினசரி ஓட்டத்துக்கு 80% போதும். முழுதாக ஏற்றும்போது பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டை நெருங்குகிறது. அந்த நிலையில் செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் மெல்லச் சிதைகிறது; வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. 100-ஐத் தொடுவதைவிட, தொட்ட பிறகு மணிக்கணக்கில் வண்டி அப்படியே நிற்பதுதான் அதிகம் கெடுக்கும்.

அதற்காக 100-ஐக் கண்டு பயப்பட வேண்டாம். நெடும்பயணம் என்றால் தாராளமாக நிரப்புங்கள். கிளம்புவதற்குச் சற்று முன் சார்ஜ் முடியும்படி டைமர் வைத்தால் சரி.

நிக்கலுக்குப் பதில் இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்எஃப்பி பேட்டரியின் கதையே வேறு. அதன் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதால், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காரால் துல்லியமாகக் கணிக்க முடியாது. முழுதாக ஏற்றினால் அந்தக் கணக்கு மறுபடி சரியாகும்; அதனால்தான் வாரம் ஒருமுறையாவது 100% ஏற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. அப்புறம், உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், நண்பரின் பழக்கத்தைப் பின்பற்றும் முன் கையேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.