விரத விடுதிகள்: சாறா, ரொட்டியா, வெறும் தண்ணீரா?

பணம் கொடுத்துப் பட்டினி கிடக்கப் பயணம் செல்வோர் பெருகிவருகின்றனர். விளம்பரத்தில் எல்லா விரத விடுதிகளும் ஏரி, மலை, அமைதி என்று ஒரே முகம் காட்டினாலும், உள்ளே நடக்கும் முறைகள் வெவ்வேறானவை.

ஜெர்மானியக் கடற்படை மருத்துவராக இருந்த ஓட்டோ புக்கிங்கர் வகுத்த முறையை, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள யூபர்லிங்கனில் 1953 முதல் பின்பற்றிவருகின்றனர். பேதி உப்பால் குடலைக் காலிசெய்த பின், பழச்சாறு, காய்கறி வடிசாறு, சிறிது தேன் என நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கலோரி மட்டுமே கிடைக்கும். நண்பகலில் வலப்புற விலாவின் கீழ் ஈரத்துணியும் வெந்நீர்ப் பையும் வைத்துப் படுத்திருப்பது அன்றாட வழக்கம். நடக்கவும் பேசவும் தெம்பு மிஞ்சுவதால், பயணம் என்ற பெயர் இதற்கே பொருந்தும்.

ஆஸ்திரிய மருத்துவரான மாயரின் முறையைப் பட்டினி என்பதே மிகை. காய்ந்த ரொட்டித் துண்டைக் கூழாகும்வரை மென்று, அதன்மேல் ஒரு கரண்டி பால் அருந்த வேண்டும். சலிப்பூட்டும்தான்; ஆனால் அவசரமாக விழுங்கிப் பழகியவர்கள் வீடு திரும்பிய பின்னும் தொடரக்கூடியது இது ஒன்றே.

கலிஃபோர்னியாவின் ட்ரூநார்த் போன்ற இடங்களில் தண்ணீர் மட்டுமே. எழுந்து நின்றால் தலை சுற்றக்கூடும் என்பதால் பெரும்பாலும் ஓய்வுதான். இதை விடுமுறையாக அல்ல, மருத்துவமனையில் சேர்வதாகவே கருத வேண்டும்.

சான்றுகளைப் பொறுத்தவரை, 2001இல் வெளியான தண்ணீர் விரத ஆய்வில் 174 பேரும், 2019இல் வெளியான புக்கிங்கர் ஆய்வில் 1422 பேரும் இடம்பெற்றனர். இரண்டிலும் இரத்த அழுத்தம் குறைந்தது. எனினும் இரண்டுமே இம்முறைகளை நடத்துவோரும் ஆய்வாளர்களாக இருந்த, விரதமிருக்காதோரை ஒப்பிட்டுப் பார்க்கும் குழு இல்லாத ஆய்வுகள் என்பதால், பட்டினியின் பங்கையும் ஓய்வின் பங்கையும் பிரித்தறிய முடியாது.

என் பார்வையில், விடுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது விரதத்தை முடிக்கும் விதத்தைக் கொண்டுதான். நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்தைத் திடீரென உண்டால், இன்சுலின் உயர்ந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அதனால்தான் ட்ரூநார்த்தில் விரத நாள்களில் பாதியளவையாவது மீண்டும் உண்ணப் பழகுவதற்கென ஒதுக்குகின்றனர்; புக்கிங்கர் மரபிலும் ஓர் ஆப்பிளில் தொடங்கிப் படிப்படியாகவே உணவுக்குத் திரும்புகின்றனர். கடைசி விரத நாளன்றே பெட்டியைக் கட்டி அனுப்பிவிடும் விடுதி எவ்வளவு அழகான ஏரிக்கரையில் இருந்தாலும் தவிர்க்கத்தக்கதே. இன்சுலின் போட்டுக்கொள்வோரும் கருவுற்றோரும் உண்ணல் கோளாறு உள்ளோரும் இவற்றில் எதையும் பயணத் திட்டமாக எண்ணாதிருப்பது நல்லது.