ஆர்55-ஓடு நின்றுவிடும் தேடல்: ஒரு என்கோடர் மென்பொருள் பற்றிய மதிப்புரை

அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிக் குறிப்புகளுக்கு, நோய்களைக் குறிக்கும் அமெரிக்கக் குறியீட்டு முறையான ஐசிடி-10-சிஎம்-இன்படி குறியீடு இடும் எங்கள் குழு, சில மாதங்களாக நோயின் பெயரைத் தட்டினால் குறியீட்டைத் தேடித் தரும் என்கோடர் மென்பொருள் ஒன்றைச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறது. அதன் தரத்தை உரசிப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது மயக்கமும், மயக்கம் வருவதுபோல் வந்து விலகிவிடும் நிலையும்தான். எளிது என்று நினைத்துப் புதியவர்கள் தணிக்கையில் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

தேடலின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்கோப் (மயக்கம்), பிரீசின்கோப் (மயக்கம் வருவதுபோல் வந்து விலகுவது), வேசோவேகல் (நரம்புத் தூண்டலால் இரத்த அழுத்தம் சட்டெனக் குறைந்து வரும் மயக்கம்) என எதைத் தட்டினாலும் மயக்கத்துக்குரிய ஆர்55 உடனே வந்து நிற்கிறது. மூன்றுக்கும் அதுவே சரியான குறியீடு. நினைவு முழுமையாகத் தப்பாததால் பிரீசின்கோப்புக்குத் தலைசுற்றலுக்குரிய ஆர்42-ஐ இடுவது பழக்கமான தவறு. மருத்துவர் வெறுமனே கிறுகிறுப்பு என்று எழுதியிருந்தால்தான் ஆர்42 பொருந்தும். இந்த வேறுபாட்டை மென்பொருள் குழப்பவில்லை. இருமலால் வரும் மயக்கத்துக்கு, 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆர்05.4-ஐயும் தவறாமல் காட்டியது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆர்55-இன் கீழ், அதனுடன் சேர்த்து இடக்கூடாதவற்றைச் சொல்லும் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு நீளமானது: கழுத்துத் தமனியின் அழுத்த உணர்பகுதி தூண்டப்படுவதால் வரும் கரோட்டிட் சைனஸ் மயக்கம் ஜி90.01, வெப்ப மயக்கம் டி67.1, எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் குறைவது ஐ95.1, உளவியல் காரணத்தால் வரும் மயக்கம் எஃப்48.8 என்று அது போகிறது. இந்த மென்பொருளோ அக்குறிப்பை ஒரு சிறிய அம்புக்குறிக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறது. இத்தனை சார்ட்டுகள் முடிக்க வேண்டும் என்ற கணக்குக்கு ஓடும் நாளில் அந்த அம்பை யார் அழுத்துவார்கள்?

ஒரு சார்ட்டைச் சொன்னால் விளங்கும். நோயாளி கட்டிலிலிருந்து எழுந்ததும் கண் இருண்டு, சுவரைப் பிடித்து நின்றிருக்கிறார். படுத்த நிலையில் 138/84 இருந்த இரத்த அழுத்தம், நின்றதும் 108/66 ஆகியிருக்கிறது. முந்தைய வாரம் தொடங்கிய ஏசிஇ தடுப்பான் என்ற இரத்த அழுத்த மாத்திரையால் நேர்ந்த ஆர்த்தோஸ்டேட்டிக் ஹைப்போடென்ஷன் (எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் குறைவது) என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருக்கிறார். (அவர் எழுதாமல் எண்களை மட்டும் விட்டிருந்தால், அதை வைத்து நாமாக நோயை முடிவு செய்ய இயலாது, மருத்துவருக்குக் கேள்வி அனுப்பித்தான் தெளிவு பெற வேண்டும்.) ஆர்55-இன் குறிப்பு நம்மை ஐ95.1-க்கு அனுப்பும், அங்கே போனால், மருந்தால் வந்ததற்கு ஐ95.2 என்று இன்னொரு விலக்குக் குறிப்பு இருக்கும்; அங்கிருந்து, எந்த மருந்தின் பக்கவிளைவு என்பதைக் காட்ட டி46.4எக்ஸ்5ஏ சேர வேண்டும். மென்பொருள் முதல் படியோடு நின்றுவிட்டது. குறியீடுகளை அவற்றின் விலக்குக் குறிப்புகளோடு வரிசையாகத் தரும் டேபுலர் பட்டியலை நானே திறந்து பார்த்திராவிட்டால் ஐ95.1 என்று முடித்திருப்பேன்.

புறநோயாளியா உள்நோயாளியா என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வதை மனதாரப் பாராட்டலாம். மயக்கத்துக்கு இதயத்துடிப்புக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்தோடு புறநோயாளி அனுப்பப்பட்டால், ஐயத்துக்குக் குறியீடு இடாமல் அறிகுறியான ஆர்55-ஐ மட்டுமே இட வேண்டும். அதே ஐயம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் நீடித்தால், உறுதியானதுபோலவே குறியீடு இட விதி இடம் தருகிறது. இந்த இடத்தில் அது தரும் எச்சரிக்கை சுருக்கமானது, சரியானதும்கூட.

விலக்குக் குறிப்புகளை விரித்த நிலையிலேயே காட்டும் வசதி வேண்டும் என்று வாடிக்கையாளர் சேவைக்கு இருமுறை எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்ற ஒரே வரிதான் இருமுறையும் வந்தது. சந்தாவைப் புதுப்பிக்கலாம் என்றே மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். மயக்க சார்ட்டுகளுக்கு மட்டும், அமெரிக்க அரசு இலவசமாக வெளியிடும் டேபுலர் பட்டியலைப் பக்கத்துத் திரையில் திறந்து வைத்துக்கொள்கிறோம்.