சந்தேகத் திட்டத்தை யாரிடம் சொல்வது: மூன்று வழிகள்

வரி மிச்சமாகும், சொத்தும் தப்பும் என்று சொல்லி ‘டிரஸ்ட்’ திட்டங்களை விற்பவர்கள் இருக்கிறார்கள். டிரஸ்ட் என்றால், பிறர் நலனுக்காகச் சொத்தை இன்னொருவர் (டிரஸ்டி) பொறுப்பில் ஒப்படைக்கும் ஏற்பாடு. வரியை மிச்சம் பிடிப்பதும், நாளைக்கு வரக்கூடிய வழக்கிலிருந்து சொத்தைக் காப்பதும் குற்றமல்ல. கொடுத்ததாக எழுதிவிட்டுக் கையிலேயே வைத்துக்கொள்வதுதான் வில்லங்கம். அதைக் கண்டுபிடிக்க விற்பவர் தரும் விளக்கப் புத்தகம் போதாது, டிரஸ்ட் பத்திரத்தையே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஒழுங்கான பத்திரத்தில் டிரஸ்டி வெளியாள். சொத்தைக் கொடுத்தவரே கேட்டாலும் அவர் மறுக்கலாம். போலியில், கொடுத்தவர் நினைத்த நேரத்தில் டிரஸ்டியை மாற்றலாம், காசோலையில் கொடுத்தவர் கையெழுத்தே செல்லும், வீட்டுச் செலவும் அதே கணக்கிலிருந்து போகும். பணம் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போய் ‘கடன்’ என்று திரும்பி வந்தால், ஒரு தவணையாவது கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடன்காரர் வாசலுக்கு வந்த பிறகு கைமாற்றிய சொத்தும் தப்பாது. அப்படிப்பட்ட மாற்றத்தைச் செல்லாததாக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1571-லேயே வந்துவிட்டது.

இரண்டு தாள்களைக் காட்டி மயக்குவார்கள். ஒன்று வழக்கறிஞரின் கருத்துக் கடிதம். அது யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் பெயருக்கு என்றால், அதை நம்பி நீங்கள் எதையும் கோருவது கடினம். மற்றொன்று, பிரிட்டனில் வரித்துறை கொடுக்கும் திட்டப் பதிவெண். 2004 முதல் சில வகைத் திட்டங்களை அறிவிக்க வேண்டும் என்பதால் வரும் அடையாள எண் அது. அங்கீகாரம் என்று சொல்லி விற்றால் அது பொய்.

இனிப் புகார். அமெரிக்காவை உதாரணமாக எடுத்துக்கொண்டால், முதல் வழியாக, திட்டத்தை விற்பவர் மீது சொல்ல அந்நாட்டு வரித்துறையின் படிவம் 14242 இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், வெகுமதி கிடையாது. பலர் இங்கே 3949-ஏ படிவத்தை அனுப்பிவிடுகிறார்கள். அது வரி ஏய்க்கும் தனிநபர், நிறுவனங்களுக்கானது. விளம்பரத் தாள், கூட்டம் நடந்த தேதி, கட்டணக் கணக்கு ஆகியவற்றை இணைத்தால்தான் இந்த வழிக்கு உயிர் உண்டு. ‘மோசடி நடக்கிறது’ என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது வழி, வெகுமதி வேண்டுமென்றால் அதே வரித்துறையின் படிவம் 211. வசூலான தொகையில் 15 முதல் 30 சதவீதம் வரை கிடைக்கலாம். ஆனால் தகராறில் உள்ள தொகை 20 லட்சம் டாலரைத் தாண்ட வேண்டும். புகாருக்கு உள்ளானவர் தனிநபர் என்றால் ஏதாவது ஓர் ஆண்டில் அவர் வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியுடன் கையெழுத்திடுவதால் பெயரை மறைக்க வழியில்லை. வரி வசூலாகி, மேல்முறையீட்டுக்கான காலமும் முடிந்த பிறகே பணம் வரும். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். உள்ளே வேலை பார்த்து ஆவணத்தைக் கண்ணால் கண்டவருக்கு இது பொருந்தும். கூட்டத்தில் கேட்டதை மட்டும் வைத்திருப்பவர் முதல் வழியிலேயே போவது நல்லது.

மூன்றாவது, நீங்களே பணம் போட்டுவிட்ட நிலை. அப்போது பிறரைப் பற்றிப் புகார் எழுதுவதற்கு முன்னால் உங்கள் கணக்கைத் திருத்துங்கள். தாமாக முன்வந்து சொல்லும் சலுகை, அதிகாரிகள் விசாரணையைத் தொடங்குவதற்கு முன் வருபவருக்கே. 2017 முதல் பல நாடுகள் வெளிநாட்டுக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன, ஆகவே கணக்கு கண்ணில் படாது என்ற தைரியம் வேண்டாம். இந்த வேலைக்கு, திட்டத்தை விற்றவர் கைகாட்டாத வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

எந்த வழியானாலும் விற்பவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அவர் இணையதளத்தை மூடிவிட்டு வேறு பெயரில் திறந்துகொள்வார். முதலில் அந்தப் பக்கங்களைத் தேதியோடு சேமித்து, மின்னஞ்சல்களை அழிக்காமல் மூல வடிவிலேயே வைத்திருங்கள்.